சாசனமா, அரசமைப்பா?

போன வாரம் மண்டபத்தில் ஒரு கூட்டம். பேசியவர் "இலங்கையின் நான்கு அரசியல் சாசனங்கள்" என்றே கடைசி வரை சொன்னார். தொலைக்காட்சியிலும் கான்ஸ்டிடியூஷனுக்கு இதே சொல்தான். கேட்டுக் கேட்டுப் பொறுக்கவில்லை.

கான்ஸ்டிடியூஷன், 'நிறுவு' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் உடல்வாகுக்கும் அதே சொல். நாம் உடலமைப்பு என்கிறோம், அதன்படி அரசமைப்பு. 'அரசியலமைப்பு' அரசு ஏற்ற சொல்தான், ஆனால் இன்று அரசியல் என்றால் கட்சிதானே நினைவுக்கு வருகிறது? ஈழத்தார் சொல்லும் 'யாப்பு'ம் அழகு. யாத்தல் என்றால் கட்டுதல்.

சாசனம் அப்படியில்லை. வடசொல் என்பதற்காகத் தள்ளவில்லை. கட்டளையிடுதல் அதன் வேர்ப்பொருள். சேதுபதிகள் ராமேசுவரம் கோயிலுக்கு ஊர்களை எழுதிவைத்துச் செப்பேட்டில் வெட்டினார்களே, அது சாசனம். மேலே இருப்பவர் கொடுப்பார், கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வார். எங்கள் சீமையில் பத்திரம் எழுதுகிறவருக்கும் இது தெரியும்.

இலங்கைக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆணைக்குழுத் தலைவர்களின் பெயரால் வழங்கும் 1931இன் டொனமூர், 1947இன் சோல்பரி அரசமைப்புகள் இரண்டும் லண்டனிலிருந்து அரசரின் ஆணையாக வந்தவை. அவற்றைச் சாசனம் என்றால் சரி, பொருந்துகிறது. 1972 மே 22இல் வந்தது வேறு. பிரிட்டிஷ் முடியின் தயவு வேண்டாம் என்றுதான் அரசமைப்பை எழுதவென்றே தனியாக அரசியல் நிர்ணய சபை கூடி, குடியரசு என்று அறிவித்தது. அதற்கும் சாசனம் என்றே பெயர் வைத்தால் அந்த முறிவு எங்கே தெரியும்?

1978இல் ஜனாதிபதி ஜெயவர்த்தனா கொண்டுவந்ததில் குழப்பம் இன்னும் கூடுகிறது. அதன் 9ஆம் உறுப்புரை, பௌத்த சாசனத்தைப் பேணிக் காப்பது அரசின் கடமை என்கிறது. இங்கே சாசனம் புத்தரின் போதனையையும் அந்த நெறியையும் குறிக்கும். சாசனத்துக்குள் இன்னொரு சாசனம்! கனமாக ஒலித்தால் போதும் என்று சொல்லைப் பொறுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

கூட்டம் முடிந்ததும் ஈழ அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "71இலேயே தமிழரசுக் கட்சி அந்த நிர்ணய சபையை விட்டு வெளியேறிட்டுது தம்பி. எங்களுக்கு 72இல வந்ததும் மேல இருந்து வந்த சாசனம்தான்" என்றார்.

அவர் அந்தச் சொல்லைக் குற்றச்சாட்டாகச் சொன்னார். நான்குக்கும் சாசனம் என்றே எழுதி வைத்தால், அவர் அதைச் சொல்ல எந்தச் சொல் மிஞ்சும்?