நீக்கச் சொன்ன எண் ஏன் தப்பிக்கிறது?

“பைத்தானில் ஒரு லிஸ்ட்டில் இருக்கும் இரட்டை எண்களை எல்லாம் லூப் போட்டு நீக்கினேன். சில போகின்றன, சில அப்படியே நிற்கின்றன. ஏன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பைத்தான் ஒரு நிரல்மொழி. லிஸ்ட் என்பது மதிப்புகளின் வரிசை, லூப் என்பது அதை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகும் கட்டளை.

2, 4, 5, 6, 8 என்று ஒரு லிஸ்ட். லூப் நினைவில் வைத்திருப்பது எண்ணை அல்ல, எத்தனையாவது இடம் என்பதை மட்டும்தான். முதல் இடத்தில் இருக்கும் 2-ஐ நீக்கியதும் மற்றவை ஓர் இடம் முன்னே நகர, 4 முதல் இடத்துக்கு வந்துவிடுகிறது. லூப்போ இரண்டாம் இடத்துக்குப் போய் 5-ஐப் பார்க்கிறது. 6 போனதும் 8-ம் இதேபோல் தப்பிக்கிறது. மிஞ்சுவது 4, 5, 8.

லூப்பை இன்னொரு முறை ஓட்டினால் போதும் என்பார்கள். இந்த லிஸ்ட்டுக்குப் போதும்தான். ஆனால் நான்கு இரட்டை எண்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாம் ஓட்டத்துக்குப் பிறகும் ஒன்று மிஞ்சும். காரணம் தெரியாமல் பலித்ததைப் பிடித்துக்கொள்வது நிரலிலும் மூடநம்பிக்கைதான்.

கடைசியிலிருந்து முன்னோக்கி வந்து, இட எண்ணைச் சொல்லி நீக்கினால் தவறு வராது. நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. ஆனால் நகர்த்தும் வேலை இன்னும் ஏராளம். 1 லட்சம் உறுப்புகளில் முதல் 50,000-ஐ முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் மொத்தம் சுமார் 375 கோடி நகர்வுகள், இப்படிப் பின்னாலிருந்து எடுத்தாலும் 250 கோடி!

எனக்கு மிகவும் பிடித்த வழி இனிமேல்தான். இரண்டு விரல்களை லிஸ்ட்டின் தொடக்கத்தில் வையுங்கள். ஒன்று படிக்கும் விரல், மற்றது எழுதும் விரல். படிக்கும் விரல் நிற்காமல் போகும். வேண்டாத எண் என்றால் எழுதும் விரல் அசையாது. வேண்டிய எண் என்றால் அதைத் தன் இடத்தில் எழுதிவிட்டு ஓர் அடி நகரும். எழுதும் விரல் படிக்கும் விரலை ஒருபோதும் முந்தாது. அதனால் இன்னும் படிக்காத எதுவும் அழியாது. முடிவில் எழுதும் விரல் நிற்கும் இடத்திலிருந்து மீதி லிஸ்ட்டை வெட்டிவிடலாம். அதே 1 லட்சத்துக்கு 1 லட்சம் வாசிப்பு, 50,000 எழுத்து, அவ்வளவுதான். எத்தனை அழகு!

சி பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு நிரல்மொழியின் ‘ரிமூவ்’ செய்வது இதைத்தான். அது வெட்டாது, வெட்ட வேண்டிய இடத்தைத் திருப்பித் தரும், வெட்டுவது ‘எரேஸ்’.

சரி, பைத்தானில்? வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி ஒரே வரியில் புது லிஸ்ட் ஆக்கிவிடுங்கள். பழைய லிஸ்ட்டையே வேறு மாறிகளும் (அதாவது வேறு பெயர்களும்) பிடித்துக்கொண்டிருந்தால், பெயருக்குப் பின்னால் [:] போட்டு அதற்குள்ளேயே நிரப்புங்கள்.