ராத்திரி மட்டும் உளறினாலும் சொல்லிவிடுங்கள்

"முதுகுல ஊசி போட்டீங்களே டாக்டர், அதான் எங்க அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சு." போன வாரமும் ஒரு மகன் சொன்னார். மயக்க டாக்டராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பழி என் தலையில்தான் விழுகிறது.

அந்த அம்மாவுக்கு 74 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி, ஃபேனில் எறும்பு ஊர்கிறது என்றிருக்கிறார். போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். மகனை, செத்துப்போன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். விடிந்ததும் தெளிவாகக் காபி கேட்டாராம். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை; நெற்றியில் விபூதி பூசியதோடு சரி. மறுநாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தபோதுதான் சிஸ்டருக்கே விஷயம் தெரிந்தது.

முதலில் அந்த ஊசி. முதுகில் போடுவது சுமார் 3 மில்லி மரத்துப்போகும் மருந்து. பல் பிடுங்க ஈறில் போடுகிறார்களே, அதன் பங்காளி. இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துப்போகும், அவ்வளவுதான். கால் அசைய ஆரம்பித்து, உணர்ச்சியும் திரும்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஆபரேஷன் முடிந்து திங்கட்கிழமை சாயங்காலமே கால்களை ஆட்டியவருக்கு, புதன்கிழமை ராத்திரி ஃபேனில் அது எப்படி எறும்பைக் காட்டும்? ஆபரேஷன் என்கிற அதிர்ச்சியே வயதான மூளையைக் கலக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஊசியையே கைகாட்டினால் உண்மையான காரணத்தைத் தேட ஆளிருக்காது. (பத்து வருடம் கழித்து வரும் முதுகுவலிக்கும் இதே ஊசிதான் குற்றவாளியாம். அது தனிக் கதை.)

காரணம் தலைமாட்டில் இருந்த மஞ்சள் பையில் இருந்தது. விழுந்த அன்று பக்கத்து கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரை, அதில் இருந்தது டிரமடால் என்கிற வலி மருந்து. நாங்கள் டிரிப்ஸில் கொடுத்ததும் டிரமடால்தான். "வலி தாங்கலைன்னாங்க டாக்டர், அதான் ஒண்ணு கொடுத்தேன்" என்றார் மகன். கூடவே பல வருடமாகப் போடும் தூக்க மாத்திரை, அதுவும் எங்களிடம் சொல்லாதது. அட்டையில் பெயர் வேறாக இருந்தால் மருந்தும் வேறு என்று அர்த்தமில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி. யூரின் டியூபை எடுத்த பிறகு அவர் சரியாகச் சிறுநீரே கழிக்கவில்லை. மறுபடி டியூப் போட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது. ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பும் குறைந்திருந்தது. இத்தனையும் சேர்ந்துதான் அந்த எறும்பு.

உளறுபவரையாவது கவனித்துவிடுவீர்கள். எனக்குப் பயம் சத்தமில்லாமல் படுத்திருப்பவர்தான். "அம்மா நல்லா தூங்குறாங்க டாக்டர்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். தட்டி எழுப்பினால் கண் செருகிக்கொண்டு போகிறதா, நிமிடத்துக்குப் பத்து மூச்சுகூட இல்லையா, உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கோபப்படாமல் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் "அப்பா குடிப்பாரா?" என்று நாங்கள் கேட்பது வம்புக்கு இல்லை. "சேச்சே, எப்பவாவதுதான்" என்பீர்கள். தினமும் குடித்தவருக்கு நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்க்கும், இல்லாத ஆள் தெரியும். அதை வலி மருந்தின் குழப்பம் என்று நினைத்தால் வைத்தியமே தப்பாகிவிடும். உயிருக்கே ஆபத்து.

சரி, என்ன செய்வது? வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள். அலர்ஜி மாத்திரை, சளி சிரப் உட்பட. பையிலிருந்து நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். நேற்றுவரை சரியாகப் பேசியவர் திடீரென்று மாற்றிப் பேசினால், அது பத்து நிமிடம்தான் இருந்தது என்றாலும் சொல்லுங்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். அதற்காக வலி மருந்தே வேண்டாம் என்று நிறுத்தியும் விடாதீர்கள். வலியில் தூக்கமில்லாமல் கிடப்பவரும் உளறத்தான் செய்வார். அளவை மாற்றுவது எங்கள் வேலை.

பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பேச்சுக் கொடுங்கள். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் சுற்றி நின்று "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள், பாவம். காது மெஷினும் கண்ணாடியும் தொலைந்துவிடும் என்று எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். அந்த அம்மாவின் கண்ணாடி அதே மஞ்சள் பையின் அடியில், கர்ச்சீப்பில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.