கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு ஊசியை ஏன் அவ்வளவு பின்னால் போடுகிறார்கள்?

மேல்பல்லில் சொத்தை என்றால், பல் டாக்டர் உதட்டைத் தூக்கி, அந்தப் பல்லுக்கு நேர் மேலே ஈறும் கன்னமும் சேருகிற மடிப்பில் ஊசி போடுவார். மூன்று நான்கு நிமிடத்தில் பல் மரத்துவிடும். அதே ஆளுக்குக் கீழ்க்கடைவாயில் சொத்தை என்றால் கதையே வேறு. வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லி, நீளமான ஊசியைத் தொண்டைக்குப் பக்கத்தில் வரை கொண்டுபோவார். பல் ஓரிடம், ஊசி ஓரிடம். கொஞ்ச நேரம் கழித்து "உதடு தடிச்ச மாதிரி இருக்கா?" என்று கேட்பார். தலையாட்டுவோம். ஆனாலும் சிலருக்கு டிரில் பட்டதும் சுரீர் என்று வலிக்கும். மறுபடி ஒரு ஊசி.

இப்படி நடந்தால் டாக்டரின் கைராசி சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கைப்பழக்கத்துக்கு இதில் பங்கு இல்லாமல் இல்லை. ஆனால் நம் தாடை எலும்பு அமைந்திருக்கும் விதத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

மரப்பு மருந்தைப் பல்லுக்குள் செலுத்துவதில்லை. பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேரின் நுனி வழியாக உள்ளே நுழைகிறது. அந்த நரம்பை வழியில் எங்காவது மருந்தில் நனைத்தால் போதும். மேல்தாடையின் வெளிப்பக்க எலும்பு மெல்லியது. ரஸ்க்கை உடைத்துப் பார்த்தால் தெரிவதுபோலப் பொடிப்பொடித் துளைகள் கொண்டது. ஈறு மடிப்பில் ஒரு மில்லி மருந்தைப் போட்டால் அது எலும்பு வழியே ஊறி வேர்நுனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கீழ்த்தாடையில், அதுவும் கடைவாய்ப் பக்கத்தில், எலும்பின் வெளித்தகடு தடிமனாக, கெட்டியாக இருக்கிறது. பெரியவர்களுக்கு அங்கே ஈறில் மருந்தைப் போட்டால் ஈறு மரக்கும், பல் மரக்காது. சின்னக் குழந்தைகளின் எலும்பு அவ்வளவு கெட்டிப்படாதது என்பதால் அவர்களுடைய பால்பற்களுக்குப் பல நேரம் பக்கத்திலேயே ஊசி போட்டுச் சமாளித்துவிடலாம்.

ஆகவே பெரியவர்களுக்கு வேறு வழியில்லை. நரம்பு எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே அதைப் பிடிக்க வேண்டும். முகத்துக்கு உணர்வு தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு. அதன் மூன்றாம் கிளையிலிருந்து பிரிகிற ஒரு நரம்பு, தாடை எலும்பின் நிமிர்ந்த பின்பகுதியில், உட்பக்கமாக உள்ள ஒரு துளைக்குள் புகுந்துகொள்கிறது. பிறகு எலும்புக்குள்ளேயே ஒரு குழாயில் ஓடி, வழியில் ஒவ்வொரு பல்லுக்கும் கிளை கொடுக்கிறது. முன்பக்கம் வந்ததும் ஒரு பகுதி இன்னொரு சின்னத் துளை வழியாக வெளியேறிக் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகிறது. உதடு தடித்திருக்கிறதா என்று டாக்டர் கேட்பதன் காரணம் இதுதான்: உதடு மரத்திருந்தால் மருந்து சரியான நரம்பைத் தொட்டிருக்கிறது என்று பொருள்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பின்துளை கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் எட்டாது. தசையும் கொழுப்பும் மூடியிருக்கும். டாக்டர் வெளி அடையாளங்களை வைத்துத்தான் குறி பார்க்கிறார். முதலில் கட்டைவிரலைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, தாடை எலும்பின் முன்விளிம்பில் ஆழமாகக் குழிந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடிப்பார். அது உயரத்தைச் சொல்லும்; கடைவாய்ப் பற்களின் கடிக்கும் பரப்புக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே. அடுத்து, வாயை அகலத் திறந்தால் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டியதுபோல ஒரு சதை மடிப்பு தெரியும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் உங்களுக்கும் தெரியும். அந்த மடிப்புக்கும் கட்டைவிரலுக்கும் நடுவேதான் ஊசி இறங்க வேண்டும். சிரிஞ்சின் உடல் வாயின் எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேல் கிடக்கும். அப்போதுதான் கோணம் சரியாக வரும்.

ஊசி 20 முதல் 25 மில்லிமீட்டர் உள்ளே போனதும் நுனி எலும்பில் மெல்ல இடிக்க வேண்டும். இந்த இடிதான் டாக்டருக்கு மேப். பாதி தூரத்திலேயே எலும்பு தட்டுப்பட்டால் நுனி ரொம்ப முன்னால் இருக்கிறது. கொஞ்சம் வெளியே இழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கத்துக் கோரைப்பல் பக்கமாக நகர்த்திக் கோணத்தை மாற்றுவார். எலும்பே தட்டுப்படவில்லை என்றால் நுனி ரொம்பப் பின்னால் போய்விட்டது. அங்கே மருந்தைச் செலுத்தக் கூடாது. காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மருந்து போனால், அதற்குள் ஓடும் முகத்தசை நரம்பு மரத்துப்போகும். பல் வலிக்கு வந்தவருக்கு ஒரு பக்கக் கண்ணை மூட முடியாது, வாய் கோணிக்கொள்ளும். பக்கவாதம் வந்துவிட்டதோ என்று வீட்டார் பதறுவார்கள். மருந்தின் வேகம் குறைந்ததும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதுவரை கண் காயாமல் மூடிவைத்துப் பாதுகாக்க வேண்டும்.

எலும்பு தட்டியதும் ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து, பிஸ்டனைக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார். ரத்தம் ஏறினால் நுனி ரத்தக்குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள். இந்த ஊசியில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து தடவை அப்படி ஆகும், ஏனென்றால் நரம்போடு சேர்ந்தே தமனியும் சிரையும் ஓடுகின்றன. இடத்தை மாற்றி மறுபடி உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான், ஏறக்குறைய ஒன்றரை மில்லி மருந்தை ஒரு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரமாகத் தள்ளினால் வலிப்பது ஊசியால் அல்ல, மருந்து திசுவைப் பிரித்துக்கொண்டு போகிற வேகத்தால். "மெல்லிய ஊசியா போடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசியின் பருமனைவிட, கையின் நிதானத்துக்குத்தான் வலியோடு அதிக உறவு. இந்த ஆழத்துக்கு மெல்லிய, குட்டை ஊசியை அடிவரை இறக்கினால் உடைந்து உள்ளேயே தங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் நீள ஊசியை எடுத்து, கொஞ்சம் எப்போதும் வெளியே தெரியும்படி விடுவார்கள்.

இந்த ஊசிக்கு வயது 140 ஆண்டுக்கு மேல். 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர் கோகெயின் கரைசலைக் கண்ணில் விட்டு, கண் மரத்துப்போவதைக் காட்டினார். செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டியதும் நியூயார்க்கில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் கூட்டாளிகளும் அதே மருந்தை நரம்புகளின் அருகே ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். கீழ்த்தாடை நரம்பும் அதில் ஒன்று. ஒருவருக்கொருவர் போட்டுச் சோதித்ததில் ஹால்ஸ்டெட் கோகெயினுக்கு அடிமையாகிப் போனார். 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆல்ஃப்ரட் ஐன்ஹார்ன் போதை ஏற்றாத புரோகெயினை உருவாக்கினார். 1943-ல் ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரேனும் பெங்க்ட் லண்ட்குவிஸ்ட்டும் இன்று நம் பல் ஆஸ்பத்திரிகளில் போடும் லிக்னோகெயினைத் தயாரித்தார்கள். லண்ட்குவிஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார். மருந்து மாறிக்கொண்டே வந்தது. ஊசி போகிற இடம் பெரிதாக மாறவில்லை.

சரி, இத்தனை கவனமாகப் போட்டும் ஏன் தவறுகிறது? நூற்றில் 15 முதல் 20 தடவை முதல் ஊசியில் பல் முழுதாக மரப்பதில்லை என்று பாடப்புத்தகங்களே ஒப்புக்கொள்கின்றன. துளையின் உயரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு, பிரதான நரம்பு துளைக்குள் நுழைவதற்கு முன்பே பிரிந்து போகும் ஒரு தசை நரம்பு, திருட்டுத்தனமாக முதல் கடைவாய்ப் பல்லுக்கும் ஒரு கிளை அனுப்பியிருக்கும். உதடு மரத்த பிறகும் அந்தப் பல்லில் வலி தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வேதியியலில் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். லிக்னோகெயின் மூலக்கூறு கரைசலில் இரண்டு வேடத்தில் இருக்கிறது: மின்னூட்டம் உள்ளது, இல்லாதது. மின்னூட்டம் இல்லாத வேடத்தில் இருப்பது மட்டும்தான் நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடந்து உள்ளே போக முடியும். உள்ளே போனதும் அதில் ஒரு பங்கு மின்னூட்டத்தை ஏற்றுக்கொண்டு, சோடியம் வாயிலை உட்பக்கத்திலிருந்து அடைக்கிறது. சோடியம் நுழையாவிட்டால் நரம்பில் மின்துடிப்பு ஓடாது. வலிச் செய்தி மூளைக்குப் போகாது. சாதாரணத் திசுவின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.4; இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். அந்த நிலையில் மூலக்கூறுகளில் நூற்றுக்கு 24 மின்னூட்டம் இல்லாமல் உள்ளே போகத் தயாராக இருக்கும். சீழ் பிடித்த இடம் அமிலமாகிவிடும். பி.எச். 6-க்கு இறங்கினால் அந்த 24, ஏறக்குறைய 1 ஆகிவிடுகிறது. ஊசி போட்டும் போடாதது மாதிரிதான். "வீக்கம் வத்தட்டும், அப்புறம் பிடுங்கலாம்" என்று பல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. போதாததற்கு, நாள்கணக்கில் வலித்துக்கொண்டிருக்கும் பல்லின் நரம்பு சும்மா இருப்பதில்லை. லிக்னோகெயினுக்கு எளிதில் மசியாத வகைச் சோடியம் வாயில்கள் அங்கே பெருகுகின்றன. ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும்போது ஊசி பிடிக்க மறுப்பது அதனால்தான்.

அந்த மாதிரி நேரத்தில் டாக்டர்களுக்கு வேறு சில வழிகள் உண்டு. ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் ஜார்ஜ் கௌ-கேட்ஸ் 1973-ல் சொன்ன முறையில், ஊசி இன்னும் மேலே, தாடை மூட்டின் கழுத்துப்பகுதி வரை போகிறது. அங்கே கிளைகள் பிரிவதற்கு முன்பே பிடித்துவிடலாம். ஆனால் மரக்க நேரம் கூடுதலாகும். நோயாளி வாயை மூடாமல் காத்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவே முடியாதவர்களுக்கு, பற்களைக் கடித்தபடியே போடுகிற ஊசி இருக்கிறது. 1960-ல் வசிராணியும் 1977-ல் அகினோசியும் தனித்தனியே எழுதியதால் இருவர் பெயராலும் அழைக்கிறார்கள். ஞானப்பல் தொந்தரவால் தாடை இறுகிப் போனவர்களுக்கு இது வரப்பிரசாதம். இவை தவிர, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள நார் இடைவெளியில், ஒரு வேருக்கு 0.2 மில்லி வீதம் அழுத்திச் செலுத்துவதும் உண்டு. ஒரே ஒரு பல் மட்டும் அடம்பிடித்தால் இதுவே போதும். எலும்புக்குள் நன்றாக ஊறும் ஆர்ட்டிகெயின் என்ற மருந்தைக் கூடுதலாகக் கடைவாய் ஈறில் போட்டுச் சரிக்கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

அண்ணத்தில் போடும் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றிலும் அதிகமாக வலிப்பது அதுதான். மற்ற இடங்களில் மருந்து பரவ இளகிய திசு இருக்கும். அண்ணத்தில் சதை எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் நாலைந்து சொட்டு மருந்துக்கே இடம் இல்லை. கைப்பழக்கம் உள்ளவர்கள் ஊசி இறங்கும் இடத்துக்கு அருகில் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அந்த அழுத்தத்திலேயே ஊசியை இறக்கிவிடுவார்கள்.

மருந்தோடு அட்ரினலின் கலந்திருப்பது பலருக்குத் தெரியாது. இங்கே பொதுவாகப் போடும் 2 சதவீத லிக்னோகெயினில் 80,000-க்கு 1 என்ற அளவில் அது இருக்கும். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மருந்து ரத்தத்தோடு போய்விடாமல் அதே இடத்தில் நிறுத்திவைப்பது அதன் வேலை. ரத்தக் கசிவும் குறையும். இந்த யோசனையை 1900-களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஹைன்ரிச் பிரௌன். ஊசி போட்டதும் நெஞ்சு படபடப்பது பெரும்பாலும் இதனால்தான். அதை "எனக்கு ஊசி ஒத்துக்காது" என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. இதயநோய் உள்ளவர்களுக்கு அட்ரினலின் 0.04 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். மேற்சொன்ன கலவையில் அது 3.2 மில்லிக்குள் அடங்கிவிடும். பிரஷர், மாரடைப்பு, மாத்திரைகள் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதற்காகத்தான். "சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்ற கேள்வியும் சும்மா இல்லை. பல் நாற்காலியில் அடிக்கடி நடப்பது, பயத்திலும் வெறும் வயிற்றிலும் வரும் மயக்கம். நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

குழந்தைகளிடம் அளவுதான் முக்கியம். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால் 15 கிலோ குழந்தைக்கு உச்சவரம்பு 66 மில்லிகிராம். ஒரு சின்னக் குப்பியில் 1.8 மில்லி, அதாவது 36 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு குப்பி போட்டாலே வரம்பு தாண்டிவிடும். ஒரே நாளில் நாலு பக்கமும் பல் பார்த்துவிடுங்கள் என்று பெற்றோர் கேட்கும்போது டாக்டர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல்லின் மரப்பு ஒரு மணி நேரத்தை ஒட்டிக் குறைய ஆரம்பித்தாலும், உதடும் நாக்கும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் வரை மரத்தே இருக்கும். குழந்தைகள் அந்த நேரத்தில் தடித்த உதட்டை விளையாட்டாகக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மறுநாள் வீங்கிய உதட்டைப் பார்த்து, ஊசியால் சீழ் பிடித்துவிட்டது என்று தாய்மார்கள் ஓடி வருவதுண்டு. ரத்தக்குழாயை மறுபடி விரித்து மரப்பைச் சீக்கிரம் கலைக்கும் ஃபென்டோலமைன் ஊசிக்கு அமெரிக்காவில் 2008-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அதையும் ஊசியாகத்தான் போட வேண்டும். மரப்பு இறங்கும்வரை சூடான காபி, டீயும், கடித்துத் தின்கிற எதுவும் கொடுக்காமல் பிள்ளையைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்வது அதைவிடச் சுலபம்.