ஓ.பி. சீட்டில் ‘கூலி’ என்று மட்டும் எழுதாதீர்கள்

என் மேசைக்கு வரும் ஓ.பி. சீட்டுகளில் பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாக இருக்கும். தொழில் என்ற இடத்தில் மட்டும் பெரும்பாலும் ஒரே சொல்தான்: கூலி. நெஞ்சு நோய் பார்க்கிற எனக்கு அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. கல் அறுக்கும் கூலியா, பஞ்சு மில்லா, ஃபவுண்டரியா, கார் பெயின்ட் அடிக்கும் பட்டறையா? ஒவ்வொன்றிலும் மூச்சோடு உள்ளே போவது வேறு, வரும் நோயும் வேறு.

42 வயதுக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு முறை, ஆறு ஆறு மாதம், காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர். இரண்டு முறையும் சளியில் கிருமி தெரியவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் இருந்ததை வைத்தே மருந்தைத் தொடங்கியிருந்தார்கள். மூச்சிரைப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இரண்டு நுரையீரலிலும் மேல் பாதியில் கடுகு தூவினாற்போல் புள்ளிகள். நடுவில் நெறிக்கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு போல மெல்லிய சுண்ணாம்பு வளையம்.

“என்ன வேலைங்க பாக்கறீங்க?”

“கூலிதானுங்க சார்.”

“என்ன கூலி?”

“இப்ப வாட்ச்மேனுங்க. அதுக்கு முன்னால கிரானைட் பட்டறைல பதினாறு வருசம் கட்டிங் மிசின் ஓட்டினேனுங்க.”

அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது. அவருக்கு வந்திருப்பது சிலிக்கோசிஸ், கல் தூசியில் உள்ள சிலிக்காவால் நுரையீரலில் தழும்பு விழும் நோய். கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய சிலிக்கா துகள்தான் நுரையீரலின் கடைசியில் உள்ள காற்றறை வரை போகிறது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். துகளை விழுங்க வரும் உடலின் காவல் செல் செத்துப்போகும். வெளியே விழுந்த துகளை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். சுற்றிலும் தழும்பு கட்டிக்கொண்டே வரும். அதனால்தான் பட்டறையை விட்டு வந்த பிறகும் நோய் வளர்கிறது. தழும்பைக் கரைக்கும் மருந்து இன்று வரை இல்லை. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் துகளைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி கிளம்புவதே வெகுவாகக் குறையும்.

முன்பு பார்த்த மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதால் சளிப் பரிசோதனையை யாருக்கும் தவிர்க்கக் கூடாது. ஆனால் நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கும்படி இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700-லேயே எழுதிவிட்டார். கேட்க அரை நிமிடம் ஆகும்.

பஞ்சு மில்லில் கதை வேறு. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், கார்டிங் பகுதிகளில் தூசி அதிகம். வார லீவு முடிந்து ஷிப்டுக்குப் போன முதல் நாள் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மறுநாள் லேசாகிவிடும். “லீவுல தின்னது ஒத்துக்கல” என்று விட்டுவிடுகிறார்கள். அது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் தூசியை விட்டு விலகினால் நுரையீரல் தேறும். பல வருடம் தள்ளிப்போட்டால் இறுக்கம் வாரம் முழுக்க நீடித்து, கடைசியில் நிரந்தரமாகிவிடும்.

கார் பெயின்ட் அடிப்பவர்களுக்கு வரும் ஆஸ்துமா பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். வேலை நாட்கள் ஏற ஏற இழுப்பு கூடும். ஊருக்குப் போய் நான்கு நாள் இருந்தால் சரியாகும். பெயின்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் காரணமாக இருக்கலாம். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை நான் கையில் கொடுத்தனுப்புவேன். தினமும் நான்கு வேளையாவது, வேலை நாளிலும் லீவு நாளிலும், இரண்டு மூன்று வாரம் ஊதி எழுதிவர வேண்டும். அந்தக் காகிதத்தில் எண்கள் லீவில் ஏறி வேலையில் இறங்கினால் பாதி நோய்கணிப்பு முடிந்தது. அதைப் பார்க்காமல் இன்ஹேலரின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை.

தொழில்சார் மருத்துவர் என்று தனியாக இருப்பதே பலருக்குத் தெரியாது. எம்.பி.பி.எஸ். முடித்தபின் ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதப் பயிற்சி எடுத்தவர்கள் இவர்கள். சென்னைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அது நடக்கிறது. பெரிய ஆலைகளில் இவர்கள் இருப்பார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் டிஸ்பென்சரியில் “வேலையால வந்ததான்னு பாக்கணும்” என்று சொல்லிக் கேளுங்கள். சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்நோய்க்கென்றே மையம் உண்டு. தொழில்நோய் என்று உறுதியானால், வேலையில் கை நசுங்கியவருக்குக் கிடைக்கும் அதே உரிமை உங்களுக்கும் உண்டு. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சிலிக்கோசிஸை மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. சீட்டில் காசநோய் என்று மட்டும் நின்றுவிட்டால் இந்தக் கதவுகள் எதுவும் திறக்காது.

வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய. அந்தப் பயம் நியாயமானது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதனால் முதலில் அதே பட்டறையில் தூசி இல்லாத இடத்துக்கு மாற முடியுமா என்றுதான் பேசுகிறோம். வரும்போது முதல் வேலையிலிருந்து எல்லாவற்றையும் வருடத்தோடு ஒரு தாளில் எழுதி வாருங்கள், பதினைந்து வயதில் பார்த்ததையும் சேர்த்து. பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அவை காட்டும்.

அந்த 42 வயதுக்காரர் எழுந்து போகும்போது கதவருகே நின்று, “பையனும் அங்கதாங்க சார் இருக்கான்” என்றார். அடுத்த வாரமே கூட்டி வந்தார். பையனின் சீட்டிலும் தொழில்: கூலி. அதை அடித்துவிட்டு, ‘கிரானைட் கட்டிங், 4 வருடம், தண்ணீர் விடாமல்’ என்று எழுதினேன். அவன் படம் இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது.