எரிந்தால் கழுவிவிடுங்கள்: மெக்னீசியம் ஸ்பிரே தடவுகிறவர்களுக்கு ஒரு தோல் மருத்துவரின் வேண்டுகோள்

இந்தக் கோடை முழுக்கப் புதுச்சேரியில் என் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான கால்கள் வந்துகொண்டிருக்கின்றன. கெண்டைக்காலிலும் பாதத்தின் மேல்புறத்திலும் தோல் சிவந்து, காய்ந்து, செதில் செதிலாக உரிந்து, சொறிந்த தடத்தோடு இருக்கிறது. லாஸ்பேட்டையிலிருந்து வருகிறார்கள், பாகூரிலிருந்து வருகிறார்கள், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். என்ன தடவினீர்கள் என்று கேட்டால் முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். இன்னொரு முறை கேட்டால் கைப்பையிலிருந்து ஒரு ஸ்பிரே பாட்டில் வெளியே வரும். மெக்னீசியம் ஆயில். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, தூக்கம் வரவில்லை, முட்டி வலிக்கிறது என்று தவித்தவர்கள், யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு ஆன்லைனில் வாங்கியது.

வாங்கியதற்காக நான் யாரையும் திட்டுவதில்லை. வலி இருக்கிறவர் வழி தேடத்தான் செய்வார். எனக்குக் கோபம் வருவது அடுத்து வரும் பேச்சில்தான். "எரியத்தான் டாக்டர் செய்யும். உடம்புல மெக்னீசியம் கம்மியா இருந்தா எரியுமாம். சத்து ஏற ஏற எரிச்சல் நின்னுடுமாம். அதான் விடாம தடவிட்டிருக்கேன்."

போன வாரம் வந்த ஒரு அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. எரிச்சல் தாங்காமல் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தடவியிருக்கிறார். என்னிடம் வந்தபோது தோல் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. படித்தவர், நிதானமானவர், எதையும் கேள்வி கேட்டே பழகியவர். அவரையே இந்தப் பேச்சு இப்படி நம்ப வைத்திருக்கிறது என்றால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெளிவாகச் சொல்கிறேன். மெக்னீசியம் தடவிய இடம் எரிவதற்கும் உங்கள் ரத்தத்தில் மெக்னீசியம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தோலில் முடியும் நரம்பு நுனிகளுக்கு உப்பு தெரியும், புளிப்பு தெரியும், சூடு தெரியும். உடம்பின் சத்துக் கணக்கு அவற்றுக்குத் தெரியாது. நம்பிக்கை வரவில்லையா? அதே ஸ்பிரேயை உள்ளங்காலில் அடித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ரேசர் போட்ட காலிலோ அக்குளிலோ கழுத்திலோ பட்டால் சுரீர் என்கும். இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே ரத்தம். குறைபாடுதான் எரிச்சலுக்குக் காரணம் என்றால் உள்ளங்காலும் எரிந்திருக்க வேண்டும். வேறுபடுவது தோலின் தடிமனும், அது எவ்வளவு கீறல் இல்லாமல் இருக்கிறது என்பதும் மட்டும்தான்.

"பத்து நாளில் எரிச்சல் நின்றுவிட்டது, அப்படியானால் சத்து ஏறிவிட்டது" என்று வாதிடுகிறவர்களும் உண்டு. தொடர்ந்து உரசலோ ரசாயனமோ படும் இடத்தில் சிலருக்குத் தோல் தடித்து மரத்துப்போகும். சிமென்ட் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்தால் தெரியும். அவர்களுக்கு சிமென்ட் சத்து ஏறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இப்படிப் பழகிக்கொள்வது எல்லாத் தோலாலும் முடிவதும் இல்லை. பலருக்கு ஒவ்வொரு நாளும் தோலின் மேலடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, ஒரு நாள் சாதாரணத் தண்ணீர் பட்டாலே எரியும் நிலைக்கு வந்துவிடும். என்னிடம் வருகிறவர்கள் இந்த இரண்டாம் வகை. 'கெட்டது வெளியேறுகிறது, அதனால் அரிக்கிறது' என்று இன்னொரு கதையும் ஓடுகிறது. தோல் வழியாக எந்தக் கெட்டதும் அப்படி வெளியேறுவதில்லை. அரிப்பு என்றால் தோல் புண்படுகிறது. அவ்வளவுதான்.

அந்த பாட்டிலில் இருப்பது என்ன? பெயரில் ஆயில் என்றாலும் அடிப்படை எண்ணெய் இல்லை. மெக்னீசியம் குளோரைடு என்ற உப்பைத் தண்ணீரில் கரையும் மட்டும் கரைத்த கெட்டிக் கரைசல். பல தயாரிப்புகளில் 31 சதவீதம் வரை உப்பு. கடல்நீரின் மொத்த உப்பே மூன்றரை சதவீதம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். தொட்டால் வழுவழுப்பாக இருப்பதால் எண்ணெய் போலத் தோன்றுகிறது. 'கடலிலிருந்து கிடைத்த இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது' என்று லேபிளைக் காட்டுகிறார்கள். மரக்காணம் பக்கம் உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் தங்குமே ஒரு கசப்புத் தண்ணீர், அதில் நிறைய இருப்பதும் இதே மெக்னீசியம் உப்புகள்தான். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களின் பாதங்களை ஒரு முறை பார்த்தால் 'இயற்கை' என்ற சொல்லில் மயங்க மாட்டீர்கள். மாங்காய்த் துண்டத்தை உப்பில் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குவது போலத்தான் தோலின் மேலடுக்கும் ஈரத்தை இழக்கிறது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. இந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. வறண்ட ஊரில் கொஞ்ச நேரத்தில் காய்ந்து வெள்ளைப் பொடியாகிவிடலாம். கடலோரப் புழுக்கத்தில் அது காய்வதே இல்லை. பிசுபிசுவென்று கெட்டி உப்புநீராகத் தோலிலேயே கிடக்கும். அதன் மேல் வியர்வை, அதன் மேல் பாவாடை நாடாவோ இறுக்கமான லெக்கின்ஸோ கொலுசோ உரசல். படுக்கப் போகும்போது தடவி விடியும்வரை விட்டுவிடுகிறார்கள். ஏழு எட்டு மணி நேரம்!

இவ்வளவு பட்டும் மெக்னீசியம் உள்ளே போகிறதா? தோல் வழியாக மெக்னீசியம் உடலுக்குள் போகிறதா என்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 'நியூட்ரியண்ட்ஸ்' இதழில் 2017இல் வந்த கட்டுரை, இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்றே முடித்தது. கால் இழுப்புக்கு வாய்வழியாக மெக்னீசியம் கொடுத்த சோதனைகளைத் தொகுத்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கையும், வயதானவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்க வாய்ப்பில்லை என்றது. விழுங்கியே பெரிய பலன் இல்லாத இடத்தில், தடவி என்ன கிடைத்துவிடப் போகிறது?

மெக்னீசியம் குறைபாடு என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே குறைகிறவர்கள் இருக்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமிபிரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளை வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் (2011இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது), நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள். இவர்களுக்குத் தேவை ரத்தப் பரிசோதனையும் பொது மருத்துவரும். உடம்பின் மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே ரத்தத்தில் இருப்பதால், அந்த அறிக்கையைக் கூட நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துத்தான் நாங்கள் படிப்போம். பாட்டில் படிக்காது. மற்றவர்களுக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, எள்ளு, வேர்க்கடலை, பாசிப்பயறு போதும்.

"ஆஸ்பத்திரியிலேயே மெக்சல்ஃப் வைத்துக் கட்டுகிறார்களே?" நல்ல கேள்விதான். டிரிப்ஸ் போட்ட கை வீங்கினால் செவிலியர் மெக்னீசியம் சல்ஃபேட்டும் கிளிசரினும் வைத்துக் கட்டுவது உண்டு. வீங்கிய ஒரு சின்ன இடத்தில், சில நாள்கள், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்வது அது. கட்டிக்கு வைக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் பசையைக்கூட அடிக்கடி வைத்தால் சுற்றியுள்ள தோல் கெடும் என்று மருந்துக் குறிப்பேடுகளே எச்சரிக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வந்தால் இதே மருந்தை நரம்பிலோ தசையிலோ ஊசியாகப் போடுவார்கள்; யாரும் காலில் தேய்த்துவிட்டுக் காத்திருப்பதில்லை.

சர்க்கரை நோயாளிகளைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வெந்நீரில் பேதியுப்பைக் கரைத்துக் காலை ஊறப்போடாதீர்கள். எப்சம் சால்ட் என்று அழகான பாக்கெட்டில் வருவதும் அதே பேதியுப்புதான். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, எரிச்சலும் தெரியாது. ஊறிய தோல் பிறகு காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் கிருமி நுழைந்து விரலை எடுக்க வேண்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகன் வாங்கிக் கொடுத்தான், மருமகள் ஆசையாக ஊற்றிக் கொடுத்தாள் என்பார்கள். அன்போடு செய்ததுதான், தெரியும். அப்பா அம்மாவின் காலைத் தினமும் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தாலே போதும், அதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மெக்னீசியம் எந்த வடிவில் இருந்தாலும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

இப்போது எரிந்துகொண்டிருக்கிறவர்களுக்கு. ஓடும் சாதாரணத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுங்கள். அரிப்பு அதிகமாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லத் தடவுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. மஞ்சள், எலுமிச்சை, வேப்பிலை விழுது, பற்பசை, கிருமிநாசினி எதுவும் வேண்டாம். புண்ணான தோலுக்கு அதிகம் செய்வதுதான் கெடுதல். முழுசாக ஆறச் சில வாரங்கள் ஆகும். நடுவில் 'கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா' என்று ஆரம்பித்தால் மறுபடி முதலிலிருந்து.

மெடிக்கல் ஷாப்பில் போய் 'அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க' என்று கேட்காதீர்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு கலந்த பூச்சு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், இரண்டு மாதத்தில் தோல் மெலிந்து கோடு விழும், படர்தாமரை இருந்தால் உருமாறிப் பரவும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கையும் இருக்கிறது. கேட்காமல் இருப்பது நம் பொறுப்பு.

இவ்வளவு சொன்ன பிறகும் தடவித்தான் ஆகவேண்டும் என்கிறவர்கள், குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள். பாதித் தண்ணீர் கலந்து நீர்த்துக்கொள்ளுங்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு காலுக்குப் போங்கள். ரேசரோ வாக்ஸிங்கோ செய்த அன்றும் மறுநாளும் தொடாதீர்கள். வெட்டுக்காயம், எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல் அழற்சி, முகம், அக்குள், தொடை இடுக்கு எங்குமே கூடாது. இருபது நிமிடத்தில் கழுவிவிடுங்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் மில்க் ஆஃப் மெக்னீசியாவை முகத்தில் மேக்கப்புக்கு முன்னால் பூசுகிற பெண்களுக்கும் ஒரு சொல்: நம் தோலின் இயல்பான பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 அளவில் இருக்கும், அந்தத் திரவத்தினுடையது 10 அளவில். வயிற்றுக்கான மருந்தை வயிற்றோடு விடுங்கள்.

ராத்திரி கெண்டைக்கால் இழுத்தால் காலை நீட்டி, பாதத்தை முட்டியை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். தூங்கப் போகும் முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நன்றாக நீட்டி இழுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை, தைராய்டு, கால் நரம்புச் சுருள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

தடவியவுடன் எரிந்து, தடவிய இடத்தோடு நின்றால் அது உப்பின் வேலை, நிறுத்தினால் ஆறிவிடும். ஓரிரு நாள் கழித்து அரிப்பு கிளம்பி, தடவாத இடத்துக்கும் பரவி, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். பெரும்பாலும் அதற்குக் காரணம் மெக்னீசியம் இல்லை, கூடச் சேர்த்திருக்கும் லாவெண்டர், புதினா எண்ணெய் மாதிரியான வாசனைப் பொருளோ கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனமோதான். அதைப் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து கண்டுபிடிக்கலாம். நீர் வடிந்தால், சீழ் பிடித்தால், காய்ச்சல் அடித்தால், சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் சின்ன வெடிப்பு வந்தாலும் அன்றைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த பாட்டிலையும், இதற்கு முன் போட்ட ட்யூப்களையும் லேபிளைக் கிழிக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.