43 விழுக்காடு: ஓர் எண் மாநாட்டு மேசைக்கு வந்த வழி

2023 டிசம்பர் 13 அன்று துபாயில் முடிவடைந்த 28-ஆவது காலநிலை மாநாட்டின் தீர்மானத்தில் இரண்டு எண்கள் இடம்பெற்றன. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்த வேண்டுமானால், உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வு 2019-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030-க்குள் 43 விழுக்காடும், 2035-க்குள் 60 விழுக்காடும் குறைய வேண்டும் என்பதே அது. அடுத்த சில நாட்களில், டிசம்பர் 17, 18 தேதிகளில், திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பெருமழை கொட்டித் தாமிரபரணி கரை கடந்தது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. அந்த வெள்ளத்தில் வீட்டையும் வயலையும் இழந்த ஒருவர், இத்தகைய மாநாடுகளில் அறிவியலுக்கு உண்மையிலேயே இடம் உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. இடம் உண்டு, அந்த 43 வந்த வழியைப் பார்த்தால் அது விளங்கும்.

உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து 1988-இல் ஐ.பி.சி.சி. எனப்படும், அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவை நிறுவின. இக்குழு தானாக ஆய்வு எதையும் நடத்துவதில்லை. உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் திரட்டி, எது எந்த அளவுக்கு உறுதியானது என்று மதிப்பிட்டுச் சொல்வதே அதன் பணி. 2018-இல் வந்த 1.5 டிகிரி பற்றிய சிறப்பு அறிக்கை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்தாண்டது. அதன் வரைவுகள் மீது 42,001 கருத்துகள் வந்தன. அவை ஒவ்வொன்றையும் பரிசீலித்துப் பதில் எழுதிவைப்பது ஆசிரியர்களின் கடமை. இந்த வேலைக்கு ஐ.பி.சி.சி. அவர்களுக்கு ஊதியம் தருவதில்லை.

ஆனால் அரசியலோடு அறிவியல் உண்மையில் கை கோக்கும் இடம் இதற்கு அடுத்த கட்டம். கொள்கை வகுப்போருக்கான சுருக்கம் என்ற சில பத்துப் பக்கங்களை, உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் விஞ்ஞானிகளுடன் ஓர் அரங்கில் அமர்ந்து வரிவரியாகப் படித்து, ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லுக்காக நள்ளிரவு தாண்டியும் வாதம் நடப்பதுண்டு. ஆய்வு சொல்லாத ஒன்றை எந்த அரசும் அதில் நுழைத்துவிட முடியாது. அதே வேளையில், தமக்கு உவப்பில்லாத வரியை மென்மையாக்கவோ நீக்கவோ அரசுகள் முயல்கின்றன, சில நேரம் அதில் வெல்லவும் செய்கின்றன. இதனால் அறிவியலின் கூர்மை மழுங்குகிறது என்ற குறை உண்மையானதுதான். என்றாலும் இந்த ஏற்பாடு தரும் பயன் அந்த இழப்பைவிடப் பெரியது என்றே நான் கருதுகிறேன். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பது குறித்த கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாபநாசம் அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதில் தாமிரபரணியின் வாய்க்கால்களான கோடகன் காலின் பாசனக்காரருக்கும் மருதூர் மேலக்காலின் பாசனக்காரருக்கும் வழக்கு இல்லை. யாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் வழக்கு. அளவை முன்பே எல்லாரும் ஒப்புக்கொண்டிருப்பதால்தான் பங்கைப் பற்றிப் பேசவே முடிகிறது.

43 விழுக்காடும் அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட ஓர் அளவே. எரிசக்தி, நிலப் பயன்பாடு, பொருளாதாரம் ஆகியவற்றை ஒருங்கே கணிக்கும் கணினி மாதிரிகள் பல நூறு எதிர்காலப் பாதைகளை வரைந்தன. அவற்றுள் 1.5 டிகிரியைத் தாண்டாத, அல்லது சிறிதளவே தாண்டி மீளும் பாதைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் நடு மதிப்பைக் கண்டார்கள். 2023 மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஐ.பி.சி.சி.யின் தொகுப்பறிக்கையை நிறைவேற்றியபோது அரசுகள் அந்த எண்ணையும் ஏற்றன. ஒன்பது மாதம் கழித்துத் துபாயில் அதை மறுக்க எந்த நாட்டுக்கும் எளிதில் வழியில்லை.

அரசுகளின் கேள்வி அறிவியலை நோக்கிச் செல்லும் எதிர்த்திசையிலும் இந்த வழி இயங்குகிறது. வெப்ப உயர்வுக்கு 2 டிகிரி என்ற வரம்பு தங்களைக் காக்காது என்று சிறு தீவு நாடுகள் நெடுங்காலம் வாதிட்டன. 2013 முதல் 2015 வரை 70-க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் பேச்சுவார்த்தையாளர்களின் கேள்விகளுக்கு நேருக்கு நேர் விடை சொன்ன பிறகு, 1.5 என்ற இலக்கு பாரிஸ் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அந்த இலக்கைப் பற்றி அறிக்கை தருமாறு பாரிஸ் மாநாடே ஐ.பி.சி.சி.யைக் கேட்டுக்கொண்டது. அறிக்கை வந்ததும், 2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சில், அதை வரவேற்பதாகத் தீர்மானம் எழுத அமெரிக்கா, ரஷ்யா, சவூதி அரேபியா, குவைத் ஆகிய நான்கும் இசையவில்லை. தாமே கேட்டுப் பெற்ற அறிவியலை அரசுகள் இப்படி ஒதுக்க முயல்வது வருத்தத்துக்குரியது.

அறிவியல் விடை சொல்லாத கேள்வியும் உண்டு. 1850 முதல் 2019 வரை மனிதர் உமிழ்ந்த கரியமில வாயு ஏறத்தாழ 2,40,000 கோடி டன். 1.5 டிகிரிக்குள் நிற்க ஐம்பது விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால், 2020 தொடக்கத்திலிருந்து மீதமிருந்தது சுமார் 50,000 கோடி டன். இவ்வளவே மீதம் என்று இயற்பியல் சொல்லும். இதில் இந்தியாவுக்கு எவ்வளவு, அமெரிக்காவுக்கு எவ்வளவு என்பது நீதி பற்றிய கேள்வி, அதைப் பேச்சுவார்த்தைதான் தீர்க்க வேண்டும்.

அறிவியலுக்கும் மாநாட்டு மேசைக்கும் இடையே, நம் பகுதிக்கு நெருக்கமான இணைப்பு ஒன்று இப்போது உருவாகி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். உலக அளவில் பெருமழையின் கடுமையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் உயர்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு மழைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. மனித உமிழ்வு இல்லாத ஓர் உலகையும் இன்றைய உலகையும் மாதிரிகளில் ஓட்டி, அத்தகைய மழை நிகழும் வாய்ப்பு எத்தனை மடங்கு மாறியது என்று கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பை உரசிப் பார்க்கப் பல்லாண்டு மழைப் பதிவுகள் தேவை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய மலை இடங்களின் மழைமானிகள் விடாமல் பராமரிக்கப்பட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவ, இழப்பு, சேதத்துக்கான நிதியை அமைக்க 2022-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாடு முடிவு செய்திருக்கும் நிலையில், இத்தகைய பதிவுகளின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

பாரிஸ் ஒப்பந்த இலக்குகளை நோக்கி உலகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்க்கும் இரண்டாவது கணக்கெடுப்பு 2028-இல் முடியும். ஐ.பி.சி.சி.யின் ஏழாவது அறிக்கை வரிசையை அதற்கு முன் முடிப்பதா என்பதில் 2024 முதல் நாடுகள் கூட்டத்துக்குக் கூட்டம் முரண்பட்டு வந்திருக்கின்றன. விரைந்து முடித்தால் வளரும் நாடுகளின் ஆய்வுகளும் கருத்துகளும் விடுபடலாம் என்ற அச்சத்தில் பொருள் உண்டு. ஆயினும் அறிக்கை பிந்தினால், 2028-இல் கூடுவோரின் மேசையில் இருப்பது 2023-இல் முடிந்த பழைய கணக்காகவே இருக்கும்.