களி கிண்டும் துடுப்பைக் கையில் கொடுங்கள்: பழம்பொருள் நினைவை எழுப்புவது எப்படி?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்திலோ பாலக்கோடு பக்கத்திலோ எண்பதைத் தொட்ட ஒருவரிடம், “அந்தக் காலத்துல எப்படி வாழ்ந்தீங்க ஆயா?” என்று கேட்டுப் பாருங்கள். “என்னாத்த சொல்றது சாமி, கஷ்டந்தான்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதே ஆயாவின் முன் பரணில் கிடக்கும், உரலின்மேல் வைக்கும் குந்தாணியையோ திருகைக் கல்லையோ கொண்டுவந்து வையுங்கள். கோழி கூவுமுன் எழுந்தது, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கல் சுற்றியது, கூட அரைத்தவள் யாரைக் கட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனாள், அந்த வருஷம் மழை பொய்த்து ராகி கருகியது என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். ஆள் அதே ஆள். நினைவும் அதே மூளையில்தான் இருக்கிறது. கேள்விக்கு வராதது பொருளுக்கு மட்டும் ஏன் வருகிறது?

ஒரு நிகழ்ச்சியை மூளை ஒரே இடத்தில் வைப்பதில்லை. கண்ட காட்சியைப் பின்மண்டைப் பகுதியும், கேட்ட சத்தத்தைக் காதோரப் பகுதியும், கையின் அசைவை வேறு பகுதிகளும் பதிவு செய்கின்றன. இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தவை என்று சேர்த்துக் கட்டும் வேலையை ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பு செய்கிறது. இரு காதுகளுக்கும் உட்பக்கமாக, மூளையின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது அது. பிறகு எப்போதாவது அந்தக் கட்டிலிருந்து ஒரு துணுக்கு மட்டும் உள்ளே வந்தால், ஹிப்போகேம்பஸ் மீதியையும் எழுப்பிவிடுகிறது. நாலு புள்ளி வைத்ததுமே முழுக் கோலமும் தெரிந்துவிடுகிற கண்ணைப் போல என்று சொல்லலாம்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 2012இல் சுசுமு டோனேகாவா என்ற ஆய்வாளரின் ஆய்வுக்கூடத்தில், ஒரு பெட்டிக்குள் பயந்த எலியின் ஹிப்போகேம்பஸில் அந்த நேரத்தில் வேலை செய்த செல்களுக்கு மட்டும் அடையாளமிட்டார்கள். பின்பு எலியை வேறொரு பெட்டியில் விட்டு, அடையாளமிட்ட செல்களை ஒளி பாய்ச்சித் தூண்டினார்கள். பயப்பட எதுவுமே இல்லாத அந்தப் புதிய பெட்டியில் எலி உறைந்து நின்றது.

எந்தத் துணுக்கு வந்தால் மீதி எழும்? 1973இல் உளவியலாளர்கள் எண்டெல் டுல்விங்கும் டொனால்ட் தாம்சனும் இதற்கு ஒரு விதி சொன்னார்கள். ஒன்றை மனதில் பதித்தபோது கூடவே பதிந்தது எதுவோ, அதுதான் பின்னால் அதை எடுத்துத் தரும். இந்த விதியை விளக்க எல்லோரும் ஒரு சோதனையைச் சொல்வார்கள். 1975இல் கோடனும் பேட்லியும் நீர்மூழ்குபவர்களைக் கொண்டு செய்தது அது. தண்ணீருக்கடியில் படித்த சொற்கள் தண்ணீருக்கடியில்தான் அதிகம் நினைவுக்கு வந்தன என்றார்கள். அண்மையில் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இருந்த இடத்துக்கே திரும்பினால் எல்லாம் நினைவு வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஆனால் பதிந்த துணுக்கும் பின்னால் காட்டும் துணுக்கும் பொருந்த வேண்டும் என்கிற டுல்விங்கின் அடிப்படை உறுதியாகவே நிற்கிறது.

ஆயாவுக்கு வருவோம். சாமை குத்திக்கொண்டிருந்த பெண் அப்போது ‘என் வாழ்க்கை எப்படி இருக்கிறது’ என்று நினைத்திருக்க மாட்டாள். உலக்கை கை மாறியது, உமி பறந்தது, மணி சிதறாமல் குந்தாணி தடுத்தது, இடுப்பில் குழந்தை அழுதது. அவள் மூளையில் பதிந்தவை இவை. வாழ்க்கை என்ற கேள்வி இதில் எதனோடும் பொருந்தவில்லை. குந்தாணி பொருந்துகிறது.

அப்படியானால் வீட்டில் தினமும் புழங்கும் சொம்பு ஏன் யாரையும் கண்கலங்க வைப்பதில்லை? அதுவும் அறுபது வருஷமாகக் கூடவே இருக்கும் பொருள்தானே. ஒரே தூண்டுதலோடு நினைவுகள் கூடக் கூட, அதில் எந்த ஒன்றையும் எழுப்பும் வலு அதற்குக் குறைந்துகொண்டே போகும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சொம்பின்மேல் நேற்றும் ஏறியிருக்கிறது, முந்தாநாளும் ஏறியிருக்கிறது. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையில் ஓட்டிய தோல் சால் அப்படியில்லை. கிணற்றில் கரண்ட் மோட்டார் வந்த வருஷம் அதை மாட்டுக் கொட்டகையில் மாட்டினார்கள். அதன்பிறகு அதன்மேல் புதிதாக எதுவும் ஏறவில்லை. மாட்டைப் பின்னுக்குத் தள்ளிய குரல், கயிறு தேய்ந்த உருளையின் சத்தம், வாய்க்காலில் தண்ணீர் விழுந்த வேகம் என்று அந்தக் காலத்தை மட்டுமே அது சுமந்திருக்கிறது. பயன்பாட்டிலிருந்து நின்றுபோனதே அந்தப் பொருளுக்கு வலு. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறவை பெரும்பாலும் இந்த வகைப் பொருட்களாகவே இருப்பதைப் பார்க்கையில் எனக்கு மனம் பதைக்கிறது.

இப்படி எழும் நினைவுகள் குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றியவையாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. “வெள்ளி முளைக்கறப்பவே எந்திரிச்சி அரைப்போம், அரைச்சிட்டுத் தண்ணிக்குப் போவோம்” என்பார்கள். ஒரேமாதிரி நடந்த நாட்களை மூளை தனித்தனியாக வைப்பதில்லை. ஒன்றாகக் கரைத்து ஒரு பொது நாளாக்கிவிடுகிறது. அன்றாட வாழ்வின் வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு இது குறையே இல்லை. ராஜா வந்துபோன நாளைக் கல்வெட்டு சொல்லும். கூழுக்குக் கடித்துக்கொள்ள என்ன வைத்தார்கள், மழைக்காலத்தில் விறகை எங்கே அடுக்கினார்கள் என்பதை இந்தப் பொது நாள்தான் சொல்ல முடியும்.

வாசனைக்குத் தனி வழி இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மூளையின் மேற்பரப்பை அடைகின்றன. மூக்கிலிருந்து வரும் செய்தி அங்கே நிற்பதில்லை. உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் ஹிப்போகேம்பஸின் வாசலுக்கும் மிகக் குறுகிய பாதையில் போய்விடுகிறது. மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டுபிடித்தார்கள்; 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. சுவீடனில் முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. சொல்லாலும் படத்தாலும் தூண்டப்பட்ட நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயதைச் சேர்ந்தவையாக இருந்தன. மணத்தால் தூண்டப்பட்டவை பத்து வயதுக்கும் முந்தியவையாக இருந்தன. அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாடை ஒருவரைக் கல்யாண வயதுக்கும் முந்திய அரைக்கால் சட்டை வயதுக்குக் கொண்டுபோய்விடுவது இதனால்தான்.

இரும்பின் வாசனையில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பழைய களைக்கொத்தைக் கையில் பிடித்துவிட்டு முகர்ந்தால் வரும் ‘இரும்பு வாடை’ உண்மையில் இரும்பின் வாடையே கிடையாது. இரும்பு ஆவியாகி மூக்குக்குள் போவதில்லை. வியர்வை பட்ட இரும்பு, நம் தோலின் மேலுள்ள கொழுப்புப் பொருட்களைச் சிதைக்கிறது. அதில் உண்டாகும் 1-ஆக்டென்-3-ஓன் போன்ற ஆவிப்பொருட்கள்தான் மணக்கின்றன. 2006இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. களைக்கொத்தைப் பிடிக்கிறவர் முகர்வது தம் கையின் மணத்தைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த களைக்கொத்து இந்த மணத்தை ஒருநாளும் தராது. ஒரு கை அதைத் தொட வேண்டும்.

கைக்கும் தனி நினைவு உண்டு. 1953இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை செய்து, இரு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரப் படத்தின் கோட்டின்மேல் பென்சில் ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ‘இதற்குமுன் நான் செய்ததே இல்லை’ என்றார் ஹென்றி. ஆனால் கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. செயல்திறன் பதிகிற வழி வேறு. பேசிச் சொல்கிற நினைவு பதிகிற வழி வேறு என்பது அப்போதுதான் துலங்கியது.

களி கிண்டுவது முழுக்க முழுக்க அந்த வேறு வழியில் பதிந்த வித்தை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு ராகி மாவு, எப்போது கிண்டத் தொடங்குவது என்று கேட்டால் “அது கைக்குத் தெரியும்” என்று விட்டுவிடுவார்கள். மழுப்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறார்கள். துடுப்பைக் கொடுத்து, பானையை அசையாமல் பிடிக்கும் கவைக்கோலையும் கொடுத்துவிட்டால் கால் தானாக அதை மிதித்துக்கொள்ளும், முதுகு தானாக வளையும், “இப்பப் பாரு, கட்டி தட்டாம இருக்கணும்னா இப்படி ஓரத்துலர்ந்து தள்ளணும்” என்று வாயும் திறக்கும். ஜெர்மனியில் 2018இல் செய்த ஒரு சோதனையில், கண்ணைக் கட்டிக்கொண்டு 168 அன்றாடப் பொருட்களைத் தடவிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்தும் 84 விழுக்காடு சரியாக அடையாளம் கண்டார்கள். தொட்டறிந்ததை மூளை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

எல்லாப் பொருளும் எல்லாருக்கும் வேலை செய்யாது. நாற்பதைக் கடந்தவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லும் நினைவுகளை வயதுவாரியாக அடுக்கினால், சுமார் 10 முதல் 30 வயது வரையிலான காலம் மேடுதட்டி நிற்கும். இன்று எழுபத்தைந்து வயதானவருக்கு அந்த மேடு 1960களும் 70களும். சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2இல் தருமபுரி தனி மாவட்டமான காலம். வள்ளமும் படியும் போய் கிலோவும் லிட்டரும் சந்தைக்கு வந்த காலம். அவரிடம் 1940களின் ஓட்டைக் காலணாவைக் காட்டினால் ‘எங்கப்பா வெச்சிருந்தாரு’ என்று தள்ளிவிடக்கூடும். புதுப்பைசாவைக் காட்டினால் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் அதற்கு என்ன வாங்கித் தின்றார் என்று சொல்லத் தொடங்கிவிடலாம்.

எழும் நினைவு அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டில் கரீம் நாடரும் உடன் ஆய்வாளர்களும் எலிகளில் காட்டினார்கள்: ஒருமுறை எழுப்பப்பட்ட நினைவு சற்று நேரம் இளகிவிடுகிறது, மறுபடி இறுகுவதற்குள் அதை மாற்ற முடிகிறது. எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையைச் சொல்லிவைத்ததும், 24 பேரில் நாலில் ஒரு பங்கினர் அது முழுமையாகவோ ஓரளவோ நடந்ததாக ‘நினைவுகூர்ந்தார்கள்’. ஆகவே பொருளைக் கொடுத்துவிட்டு “இதுலதானே கம்பு இடிப்பீங்க?” என்று கேட்காதீர்கள். ‘ஆமா’ என்று பதில் வந்தால், வந்தது அவர் நினைவா உங்கள் நினைவா என்று தெரியாமலே போய்விடும். பொருளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கெட்ட நினைவுகளின் கசப்பு, நல்ல நினைவுகளின் இனிப்பைவிட வேகமாக மங்கும் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை உணவகங்கள் சிலவற்றில் முறமும் உரலும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கிறவர்கள் ‘பொற்காலம்’ என்கிறார்கள். உரல் இடித்த கைகளில் காப்புக் காய்த்திருந்தது. அதைவிட முக்கியமானது, ஒரே பொருள் எல்லார் மூளையிலும் ஒரே நினைவுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதில்லை. டீக்கடைப் பித்தளைத் தம்ளர் ஒருவருக்குக் காலைநேர அரட்டையை எழுப்பும். அந்தத் தம்ளர் மறுக்கப்பட்டு, தனிக் குவளையிலோ கொட்டாங்குச்சியிலோ குடிக்க வைக்கப்பட்டவருக்கு அதே தம்ளர் எழுப்புவது வேறு. சேகரிக்கிறவர்கள் அந்தக் கொட்டாங்குச்சியையும் சேகரிக்க வேண்டும், அதைப் பிடித்த கைகளிடமும் கேட்க வேண்டும். அந்தப் பாதி இல்லாமல் தொகுத்தால் அது இந்த மண்ணின் வாழ்க்கை ஆகாது.

மறதிநோய் கண்டவர்களுக்குப் பழம்பொருட்களைக் கொடுத்துப் பேசவைக்கும் சிகிச்சை பல நாடுகளில் நடக்கிறது. மனநிலையிலும் பேச்சிலும் அதனால் கிடைக்கும் பலன் சிறியது, எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இல்லை என்கின்றன தொகுப்பாய்வுகள். நோயைத் தீர்க்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் செலவில்லாத வழி. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் செய்து பார்க்கலாம்.

பொருட்களைச் சேர்த்து வைக்கிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். மரச் சாமானுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். மரத் துளைகளில் ஊறிக் கிடக்கும் எண்ணெயும் புகையும் மணக்க வழியில்லாமல் அடைபடும். திருகைக் கல்லைக் கழுவித் துடைத்தால் போதும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அரிய பொருட்கள் கண்ணாடிக்குள் இருப்பதுதான் முறை. ஆனால் ஊருக்கு ஊர் கிடைக்கிற முறம், படி, துடுப்பு, களைக்கொத்து இவற்றில் ஒவ்வொன்றையாவது முதியவர்கள் எடுத்துப் பிடித்துப் பார்க்கும்படி ஒரு பெஞ்சின்மேல் வைக்கலாம். பள்ளிக்கூடங்களிலும் செய்யலாம், தாத்தா பாட்டிகளை வரவழைத்து.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோதான். வியோரிகா மேரியனும் உல்ரிக் நைஸரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் ரஷ்ய மொழியில் பேட்டி எடுத்தபோது, ரஷ்ய மொழி புழங்கிய காலத்து நினைவுகள் அதிகம் வந்தன. மொழியும் நினைவோடு சேர்ந்து பதிகிற துணுக்குதான். ராகி அரைத்தபோது அந்த அவ்வா மாமியாரிடம் தெலுங்கில் பேசியிருந்தால், கல்லை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தெலுங்கிலேயே பேசவிடுங்கள். மொழி புரியாவிட்டாலும் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் யாராவது பிறகு தமிழில் எடுத்துச் சொல்வார்கள்.